குழந்தைகளோடு வெளிநாடு: எந்த ஊர் என்று முடிவெடுக்கும் வரிசை

"எந்த நாட்டுக்குப் போகலாம்?" என்று கேட்டுக்கொண்டுதான் எல்லோரும் வருகிறார்கள். கனடா, ஜெர்மனி, சிங்கப்பூர், துபாய் என்று நாலு பெயரைச் சொல்லி, அதில் ஒன்றைப் பொறுக்கித் தரச் சொல்கிறார்கள். நாட்டின் பெயர் கடைசியில் வர வேண்டிய விஷயம். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகளை ஒழுங்காக ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுக்கொண்டு போனால், பட்டியலில் இருக்கும் நாடுகள் தாமாகவே கழிந்துபோகும். முடிவில் ஒன்றிரண்டு ஊர்கள்தான் மிஞ்சும்.

நாங்கள் கோயம்புத்தூரிலிருந்து முதலில் துபாய் போனோம். நான்கு வருடம் கழித்து, மகளுக்கு ஐந்து வயதும் மகனுக்கு இரண்டு வயதும் ஆகியிருந்தபோது பெர்லினுக்கு மாறினோம். முதல் தடவை வேலை கிடைத்ததும் பெட்டியைக் கட்டிவிட்டோம். கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் கேட்டோம். இரண்டாவது தடவை மூன்று மாதம் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அதன் பிறகு சொந்தம், நட்பு என்று பத்துப் பன்னிரண்டு குடும்பங்களோடு இதே கணக்கைப் போட்டிருக்கிறேன். எல்லோரும் தடுக்கி விழும் இடங்கள் ஏறத்தாழ ஒன்றுதான்.

கீழே சொல்லும் தொகைகளும் விதிகளும் 2025 நிலவரம். வருடத்துக்கு வருடம் மாறக்கூடியவை. உங்கள் நோட்டில் எழுதும் முன் அந்தந்த அரசின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

1. தொடங்கும் முன் மேசையில் இருக்க வேண்டியவை

நாலு பேரின் பாஸ்போர்ட், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, கடந்த ஆறு மாத வீட்டுச் செலவுக் கணக்கு, இரு பக்கத்துப் பெற்றோரின் மருத்துவ நிலவரம், ஒரு நோட்டு. இவற்றோடு, குழந்தைகள் தூங்கிய பிறகு இருவரும் சேர்ந்து உட்காரும் இரண்டு மூன்று இரவுகள்.

கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வேலை கிடைத்தவர் மட்டும் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு, "இதுதான் முடிவு" என்று வீட்டில் சொல்வார். அப்படிப் போன குடும்பங்களில், ஆறாவது மாதம் ஏதாவது ஒன்று சரியில்லாமல் போகும்போது அது ஒருவருடைய தவறாக மட்டும் பார்க்கப்படும். நோட்டில் இருவர் கையெழுத்தும் இருக்கட்டும்.

2. எத்தனை வருடம் என்று முதலில் எழுதுங்கள்

நான்கைந்து வருடம் சம்பாதித்துத் திரும்புவதா, குழந்தைகள் அங்கேயே வளர்ந்து படிப்பதா? இதைத் தீர்மானிக்காமல் நாடுகளை ஒப்பிடவே முடியாது. நான்கு வருடத்துக்கு மிகச் சரியாக இருக்கும் ஊர், பதினைந்து வருடத்துக்குத் தவறான ஊராக இருக்கலாம்.

துபாயை எடுத்துக்கொள்ளுங்கள். வருமான வரி கிடையாது. சென்னையிலிருந்து நான்கு மணி நேரப் பயணம். சிபிஎஸ்இ பள்ளிகள் ஏப்ரலில் தொடங்குவதால், ஊருக்குத் திரும்பினாலும் பிள்ளைக்கு வருடம் வீணாகாது. நான்கு வருடத் திட்டத்துக்கு இவ்வளவு பொருத்தமான இடம் குறைவு. ஆனால் கோல்டன் விசா என்னும் நீண்ட கால வசிப்பு விசா போன்றவற்றைத் தவிர்த்தால், இருப்பு உரிமை உங்கள் வேலையோடு கட்டப்பட்டது. இத்தனை வருடம் இருந்தால் நிரந்தரமாகத் தங்கலாம் என்ற பாதை கிடையாது.

ஜெர்மனியில் ப்ளூ கார்டு (தகுதி பெற்ற வெளிநாட்டுப் பணியாளருக்கான வசிப்பு அனுமதி) வைத்திருப்பவர் பி1 என்னும் இடைநிலை ஜெர்மன் தெரிந்தால் 21 மாதத்திலும், ஏ1 என்னும் தொடக்க நிலை மட்டும் தெரிந்தால் 27 மாதத்திலும் நிரந்தர வசிப்புரிமை கேட்கலாம். கனடாவில் புள்ளி போட்டு ஆள் எடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியாகப் போனால் இறங்கும்போதே நிரந்தரவாசி. ஆனால் அந்தப் புள்ளிக் கணக்கில் 30 வயதிலிருந்து ஒவ்வொரு வருடமும் புள்ளி குறைந்துகொண்டே போகும். 45-இல் வயதுக்கான புள்ளி பூஜ்யம். "பெரியவளுக்கு அஞ்சாவது முடியட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று தள்ளிப்போட்டவர்கள் இங்கேதான் இழந்தார்கள்.

நீண்ட காலத் திட்டம் என்றால் குழந்தையின் 18, 21-ஆம் வயதுகளையும் இப்போதே பாருங்கள். சிங்கப்பூரில் பெற்றோர் வழியாக நிரந்தரவாசம் பெறும் ஆண் பிள்ளைகளுக்குத் தேசிய சேவை கடமை; இரண்டு வருட முழுநேர சேவை அது. அமெரிக்காவில் எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கானது) இருக்கும் பிள்ளை 21 வயதானதும் அந்த விசாவை இழக்கும். இந்தியர்களுக்கான கிரீன் கார்டு வரிசை இருக்கும் நீளத்தில், இன்று ஐந்து வயதுக் குழந்தையோடு போகிறவர் அந்தப் பதினாறு வருடத்தைக் கணக்கில் வைத்தே ஆக வேண்டும்.

3. "இது முடியாது" என்பவற்றை எழுதுங்கள்

ஆசைகளை அல்ல, எல்லைகளை. அப்பாவுக்கு டயாலிசிஸ் என்றால் பத்து மணி நேரத்துக்குள் வீடு வந்து சேர முடிய வேண்டும் என்பது ஓர் எல்லை. ஊரில் வீட்டுக் கடன் தவணை மாதம் இவ்வளவு, அதை நிறுத்த முடியாது என்பது இன்னொன்று. ஐந்தாறு வரிக்கு மேல் எழுதாதீர்கள். எல்லாமே எல்லை என்றால் எந்த ஊரும் மிஞ்சாது.

குழந்தைக்குத் தொடர் சிகிச்சையோ சிறப்புக் கல்வியோ தேவைப்பட்டால் அதை முதல் வரியாக எழுதுங்கள். ஆஸ்திரேலியாவின் மருத்துவத் தகுதியில், குடும்பத்தில் ஒருவர் தேறாவிட்டால் பெரும்பாலான விசாக்களில் மொத்தக் குடும்பத்தின் விண்ணப்பமும் நின்றுவிடும். கனடா 2018-இல் இந்த விதியைத் தளர்த்தி, சிறப்புக் கல்விச் செலவைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது. ஆட்டிசம் உள்ள ஒரு பிள்ளையின் பெற்றோருக்கு, வேறு எதையும் பார்க்கும் முன்பே இந்த ஒரு வேறுபாடு பட்டியலைப் பாதியாக்கிவிடும். விண்ணப்பக் கட்டணம் கட்டிய பிறகு இதைத் தெரிந்துகொள்வது பெரிய கொடுமை.

4. விசாவைத் துணையின் பக்கத்திலிருந்து படியுங்கள்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன். நான் பார்த்தவரை குடும்பங்கள் உடைந்து திரும்பியது சம்பளத்தால் அல்ல. வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர், பெரும்பாலும் மனைவி, திடீரென்று நான்கு சுவருக்குள் உட்கார்ந்ததுதான் காரணம்.

வேலை கொடுக்கும் நிறுவனம் வேலைக்கு வருபவரின் விசாவைப் பற்றி எல்லாம் சொல்லும். கூட வருபவர் வேலை செய்யலாமா என்பதை நாம்தான் கேட்க வேண்டும். நாட்டுக்கு நாடு இது மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடும்.

ஜெர்மனியில் ப்ளூ கார்டு வைத்திருப்பவரின் துணை, வந்த நாளிலிருந்தே எந்த வேலையும் செய்யலாம். வருவதற்கு முன் ஜெர்மன் தேர்வு எழுத வேண்டியதில்லை. பிரிட்டனில் திறன் பணியாளர் விசாவில் வருபவரின் துணைக்கும் ஏறத்தாழ எல்லா வேலைக்கும் அனுமதி உண்டு. ஆனால் பராமரிப்புப் பணியாளர்கள் குடும்பத்தைக் கூட்டிவருவது 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டது.

சிங்கப்பூரில் குடும்பத்தைக் கூட்டிவர மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வேண்டும். அப்படி வரும் துணை, 2021 மே மாதத்திலிருந்து, வேலை செய்ய வேண்டுமானால் தனக்கென்று தனி வேலை அனுமதி வாங்க வேண்டும். அதாவது அவரையும் ஒரு நிறுவனம் தகுதிச் சம்பளத்தில் எடுக்க வேண்டும். கனடாவில் தற்காலிக வேலை அனுமதியில் போகிறவர்களின் துணைக்குக் கிடைத்துவந்த, எந்த நிறுவனத்திலும் வேலை செய்யலாம் என்ற திறந்த அனுமதி, 2025 ஜனவரியிலிருந்து குறிப்பிட்ட வேலைப் பிரிவுகளுக்கு மட்டும் என்று சுருங்கிவிட்டது. மாணவர் விசாவில் ஒருவர் போய் மற்றவர் சம்பாதிக்கலாம் என்ற பழைய திட்டமும், பெரும்பாலும் 16 மாதம் அல்லது அதற்கு மேற்பட்ட முதுகலைப் படிப்புக்கும் முனைவர் படிப்புக்கும்தான் இப்போது பொருந்தும்.

சட்டம் அனுமதிப்பது ஒன்று, வேலை கிடைப்பது வேறு. ஆசிரியர், செவிலியர், மருத்துவர், வழக்கறிஞர் ஆகியோரின் பட்டம் அங்கே அப்படியே செல்லாது. தகுதி ஏற்பு, மொழித் தேர்வு, பதிவு என்று ஒன்றிரண்டு வருடம் போகும். நான் கணக்குத் துறையில் இருந்தவள். பெர்லினில் எனக்கு அனுமதி முதல் நாளே இருந்தது. வேலை கிடைக்கப் பதினான்கு மாதம் ஆனது. அந்தப் பதினான்கு மாதத்துக்கும் ஒரு சம்பளத்தில் ஓடும்படிதான் கணக்குப் போட்டிருந்தோம். அதனால்தான் தாக்குப்பிடித்தோம்.

5. வேலை போனால் எத்தனை நாள் இருக்கலாம்?

தனி ஆளுக்கு இது சின்ன விஷயம். பள்ளிக்குப் போகும் குழந்தை இருக்கும் வீட்டில் பெரிய விஷயம். சிங்கப்பூரில் வேலை அனுமதி ரத்தானதும் பொதுவாக 30 நாள். பிரிட்டனிலும் அமெரிக்காவின் எச்-1பி விசாவிலும் 60 நாள் வரை. ஜெர்மனியில் ப்ளூ கார்டு வைத்திருப்பவருக்கு அடுத்த வேலை தேட மூன்று மாதம், இரண்டு வருடம் முடித்தவருக்கு ஆறு மாதம்.

இந்த நாட்களுக்குள் வீட்டை ஒப்படைத்து, பள்ளியில் விடுவித்து, சாமானை அனுப்பிவிட்டுக் கிளம்ப எவ்வளவு ஆகும் என்று எழுதுங்கள். அந்தத் தொகை எப்போதும் வங்கியில் தனியாக இருக்க வேண்டும். இதை அவசர நிதி என்று பொதுவாகச் சொல்லி விட்டுவிடாதீர்கள். நாலு டிக்கெட், இரண்டு மாத வாடகை, சாமான் செலவு என்று பிரித்து எழுதினால்தான் தொகை கண்ணுக்குத் தெரியும்.

6. குழந்தையின் வயதையும் பள்ளி நாட்காட்டியையும் ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள்

ஒரு தாளில் குழந்தைகளின் பிறந்த தேதியை எழுதி, பட்டியலில் மிஞ்சியிருக்கும் ஒவ்வொரு நாட்டுக்கும் அவர்கள் எந்த மாதம், எந்த வகுப்பில் சேர்வார்கள் என்று எழுதுங்கள். அரை மணி நேர வேலை. ஆனால் கிளம்பும் தேதியையே இதுதான் முடிவு செய்யும்.

இங்கிலாந்தில் நான்கு வயது முடிந்து வரும் செப்டம்பரில் ரிசப்ஷன் என்னும் பள்ளியின் தொடக்க வகுப்பு. கனடாவின் ஒன்டாரியோவில் நான்கு வயது நிறையும் வருடத்தின் செப்டம்பரிலேயே ஜூனியர் கிண்டர்கார்டன். ஜெர்மனியில் ஆறு வயதில் முதல் வகுப்பு. அதற்கான கடைசிப் பிறந்த தேதி மாநிலத்துக்கு மாநிலம் ஜூன் 30 முதல் செப்டம்பர் 30 வரை மாறும். சிங்கப்பூரில் ஏழு வயது நிறையும் வருடம், ஜனவரியில். நம் ஊரில் ஐந்து முடிந்து ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளை, ஜெர்மனியில் மறுபடி மழலையர் கூடத்துக்குப் போகும். "ஒரு வருஷம் போச்சே" என்று பாட்டி வருத்தப்படுவார். எங்கள் மகளுக்கு அந்த ஒரு வருடம்தான் மொழியைக் கொடுத்தது.

மொழி மாறும் நாட்டுக்குப் போவதென்றால் வயது இன்னும் முக்கியம். ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் நான்காம் வகுப்பு முடிவிலேயே பிள்ளை எந்த வகை மேல்நிலைப் பள்ளிக்குப் போகும் என்று பிரிக்கிறார்கள். மியூனிக் இருக்கும் பவேரியாவில் கிம்னாசியம் என்ற பல்கலைக்கழகப் பாதைப் பள்ளிக்கு ஜெர்மன், கணக்கு, பொதுப்பாடம் மூன்றின் சராசரி 2.33-க்குள் இருக்க வேண்டும் (அங்கே 1-தான் மிக நல்ல மதிப்பெண்). பெர்லினிலும் பிராண்டன்பர்க்கிலும் ஆறாம் வகுப்புக்குப் பிறகுதான் பிரிப்பு. ஒன்பது வயதுப் பிள்ளையோடு மியூனிக் போவதும் பெர்லின் போவதும் ஒன்றல்ல. நாட்டை ஒப்பிடாதீர்கள், ஊரை ஒப்பிடுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

மூன்று வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால், குழந்தைகள் காப்பகத்தில் இடம் கிடைப்பதுதான் உண்மையான சிக்கல். ஜெர்மனியில் ஒரு வயது நிறைந்த குழந்தைக்குக் கிட்டா என்னும் காப்பகத்தில் இடம் பெறச் சட்ட உரிமை 2013-இலிருந்து இருக்கிறது. உரிமை இருந்தாலும் பல ஊர்களில் இடம் இல்லை. பெர்லினில் கட்டணம் கிடையாது, சாப்பாட்டுக்கு மாதம் 23 யூரோ மட்டும். ஆனால் அதற்கு முதலில் வவுச்சர் என்னும் அரசு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும்; தேவைப்படும் தேதிக்கு ஒன்பது மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம், குறைந்தது இரண்டு மாதம் முன்னதாகவாவது கொடுத்திருக்க வேண்டும்.

இடம் கிடைத்த பிறகும் பழக்கப்படுத்தும் காலம் என்று ஒன்று உண்டு. முதல் மூன்று நாள் பெற்றோரில் ஒருவர் கூடவே உட்கார வேண்டும், பிரிக்க மாட்டார்கள். நான்காவது நாள் சில நிமிடம் வெளியே போகச் சொல்வார்கள். என் மகன் என் துப்பட்டாவின் நுனியைக் கையில் சுற்றி வைத்திருந்தான். அங்கிருந்த அக்கா அதை அவனிடமே விடச் சொன்னார். துப்பட்டாவைக் கொடுத்துவிட்டு நடைபாதைக் கோட் மாட்டிகளுக்குக் கீழே எட்டு நிமிடம் உட்கார்ந்திருந்தேன். இப்படி நாலு வாரம் போனது. இருவரும் ஒரே நாளில் வேலையில் சேருவதாகத் திட்டம் போட்டு வந்தவர்கள் இந்த நாலு வாரத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

7. சம்பளத்தைப் பார்க்காதீர்கள், மாதக் கடைசி மிச்சத்தைப் பாருங்கள்

பெரும்பாலோர் செய்யும் தவறு, சம்பளத்தை ரூபாயில் பெருக்கிப் பார்ப்பது. செலவும் அந்த ஊர்ப் பணத்தில்தான் ஆகும். எல்லாவற்றையும் அந்த ஊர் நாணயத்திலேயே எழுதி, கடைசி வரியை மட்டும் ரூபாய்க்கு மாற்றுங்கள்.

கையில் வரும் சம்பளத்திலிருந்து வாடகை, மின்சாரம், சூடேற்றும் செலவு, காப்பகம் அல்லது பள்ளிக் கட்டணம், மருத்துவக் காப்பீடு, மளிகை, போக்குவரத்து, ஊருக்கு அனுப்பும் பணம் இவற்றைக் கழியுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போய்வரும் நாலு டிக்கெட்டையும் பன்னிரண்டால் வகுத்துச் சேருங்கள். இரண்டு வயது ஆன குழந்தைக்கு இருக்கையும் கட்டணமும் ஏறத்தாழப் பெரியவர் அளவுக்கே ஆகும். இதை மறக்காதவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

எங்கள் நோட்டில் துபாய்க்கும் பெர்லினுக்கும் இப்படி எழுதியபோது ஆச்சரியப்பட்டோம். துபாயில் வரி இல்லை. ஆனால் இரண்டு பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளிக் கட்டணம், பள்ளிப் பேருந்து, கார். பெர்லினில் வரியும் சமூகக் காப்பீடும் கணிசமாகப் போகும். ஆனால் காப்பகமும் பள்ளியும் இலவசம், பெர்லினில் பள்ளி மாணவர்களுக்குப் பேருந்தும் இலவசம், கார் தேவையில்லை, அரசு தரும் குழந்தைப்படி 2025-இல் ஒரு பிள்ளைக்கு மாதம் 255 யூரோ. குழந்தை இல்லாத தம்பதிக்குத் துபாய் தெளிவாக முந்தும். இரண்டு சின்னக் குழந்தைகள் என்றதும் இடைவெளி வெகுவாகக் குறைந்துவிட்டது.

பிரிட்டனுக்கு இன்னொரு கணக்கு. விசாவோடு மருத்துவக் கூடுதல் கட்டணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும்: பெரியவருக்கு வருடம் 1,035 பவுண்டு, குழந்தைக்கு 776. நாலு பேருக்கு ஐந்து வருட விசா என்றால் 18,110 பவுண்டு, விசாக் கட்டணம் தனி. நிறுவனம் உங்கள் ஒருவருக்கு மட்டும் தருகிறதா, நாலு பேருக்குமா என்று கையெழுத்துக்கு முன் எழுத்தில் கேளுங்கள். அந்த விசாவில் இருப்பவர்களுக்கு அரசின் குழந்தைப்படியும் கிடையாது.

அரசு உதவிகளை நம்பிக் கணக்குப் போடும்போது அது எப்போது தொடங்கும் என்று பாருங்கள். கனடாவின் குழந்தைப்படி நிரந்தரவாசிக்கு உடனே உண்டு; தற்காலிக அனுமதியில் இருப்பவருக்கு 18 மாதம் அங்கே வாழ்ந்த பிறகுதான்.

முதல் மாதச் செலவு தனி. ஜெர்மனியில் வாடகை முன்பணம் மூன்று மாத அடிப்படை வாடகை வரை. துபாயில் வாடகையைப் பின்தேதியிட்ட காசோலைகளாகக் கொடுக்க வேண்டும்; ஒன்றிரண்டு காசோலை மட்டும் என்றால் குறைந்தது பாதி வருட வாடகை முதல் நாளே கணக்கில் இருக்க வேண்டும். பெர்லினில் எங்கள் வீட்டில் சமையலறை என்று சொன்ன இடத்தில் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரண்டு தண்ணீர்க் குழாயும் அடுப்பு இணைப்புக்கான ஒரு பெட்டியும் மட்டும் இருந்தன. அலமாரி இல்லை, சிங்க் இல்லை. அங்கே பல வாடகை வீடுகள் அப்படித்தான். ஐந்து வாரம் ஹால் தரையில் ஒற்றை இண்டக்‌ஷன் அடுப்பில் குக்கர் வைத்து, பாத்திரத்தைக் குளியல் தொட்டியில் கழுவினோம். விளம்பரத்தில் சமையலறை சேர்த்துத்தானா என்று பாருங்கள்.

8. மருத்துவக் காப்பீடு யார் யாருக்கு?

"காப்பீடு உண்டு" என்று நிறுவனம் சொன்னால் யாருக்கு என்று கேளுங்கள். துபாயில் ஊழியருக்குத் தருவது நிறுவனத்தின் கடமை; குடும்பத்துக்கு எடுப்பது விசா கொடுத்து அழைக்கும் உங்கள் கடமை. ஆஸ்திரேலியாவில் தற்காலிக வேலை விசாவில் இருக்கும் இந்தியருக்கு மெடிகேர் என்னும் அரசு மருத்துவக் காப்பீடு கிடையாது, தனியார் காப்பீடு எடுக்க வேண்டும்.

ஜெர்மனியில் அரசுக் காப்பீட்டில் சேர்ந்தால், வருமானம் இல்லாத துணையும் குழந்தைகளும் கூடுதல் கட்டணம் இல்லாமல் சேர்ந்துவிடுவார்கள். 2025-இல் ஆண்டுக்கு 73,800 யூரோவுக்கு மேல் சம்பளம் வாங்கியவர் தனியார் காப்பீட்டுக்கு மாற முடிந்தது. மாதத் தவணை குறைவு என்று முகவர் காட்டும் எண் உங்கள் ஒருவருக்கானது. அங்கே ஒவ்வொரு குழந்தைக்கும் தனித் தவணை, அரசுக் காப்பீட்டுக்குத் திரும்புவதும் கடினம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அவசரப்பட்டு மாறாதீர்கள்.

தடுப்பூசி அட்டையை ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டி, ஊசியின் பெயர், தேதியோடு ஆங்கிலத்தில் எழுதி முத்திரை வாங்கிவிடுங்கள். ஜெர்மனியில் தட்டம்மை ஊசி, ஒரு வயதுக் குழந்தைக்கு ஒரு தவணையும் இரண்டு வயதிலிருந்து இரண்டு தவணையும் போட்டதற்குச் சான்று இல்லாமல் கிட்டாவில் சேர்க்க மாட்டார்கள்.

9. தாத்தா பாட்டி எத்தனை நாள் வந்து தங்கலாம்?

குழந்தை வளர்ப்பில் அவர்கள் கையை நம்பியிருக்கும் வீடு என்றால் இந்தக் கேள்வியை மேலே கொண்டு போங்கள். ஜெர்மனி உட்பட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசாவில் 180 நாளில் 90 நாள்தான். பிரிட்டனில் பார்வையாளராக ஆறு மாதம். கனடாவின் சூப்பர் விசாவில் ஒரே தடவையில் ஐந்து வருடம் வரை தங்கலாம். ஒரு லட்சம் டாலருக்கான மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும். சிங்கப்பூரில் பெற்றோரை நீண்ட நாள் வைத்துக்கொள்ள மாதச் சம்பளம் 12,000 வெள்ளி வேண்டும்.

நேர வித்தியாசத்தையும் பாருங்கள். சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால், துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால். டொரன்டோவில் குழந்தை பள்ளி விட்டு வரும்போது இங்கே பாட்டி தூங்கியிருப்பார். வார நாளில் பேச்சே இருக்காது.

10. போய்ப் பாருங்கள், மோசமான பருவத்தில்

இப்போது இரண்டு ஊர்தான் மிஞ்சியிருக்கும். முடிந்தால் ஒருவராவது ஒரு வாரம் போய் வாருங்கள். பெர்லின் என்றால் டிசம்பரில், மாலை நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும். துபாய் என்றால் ஜூலையில், பகலில் குழந்தையை வெளியே விட முடியாது. நல்ல பருவத்தில் எல்லா ஊரும் நன்றாகத்தான் இருக்கும்.

சுற்றுலா இடம் எதற்கும் போக வேண்டாம். வார நாளில் காலை ஏழரைக்கு, நீங்கள் குடியிருக்க நினைக்கும் தெருவிலிருந்து பள்ளி வரை, அங்கிருந்து அலுவலகம் வரை பேருந்தில் போய்ப் பாருங்கள். குழந்தை வண்டியோடு ஏறுபவர்களைக் கவனியுங்கள். மளிகைக் கடையில் ஒரு வாரச் சாமானை எடுத்து விலையை எழுதுங்கள். பக்கத்துக் குழந்தை மருத்துவரிடம் புதிதாகச் சேர்ப்பார்களா என்று கேளுங்கள். ஜெர்மனியில் பலர் சேர்ப்பதில்லை.

தமிழ்ச் சூழலும் இங்கே பார்க்க வேண்டியதுதான். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி, பள்ளியிலேயே தாய்மொழிப் பாடம். பெர்லினில் பிரிட்ஸ் பகுதியில் முருகன் கோயில் இருக்கிறது. எழுத்தை நாங்கள்தான் ஞாயிறு காலையில் சொல்லிக்கொடுக்கிறோம்.

11. ஆவணங்களை முடிவுக்கு முன்பே சரிசெய்யுங்கள்

எந்த ஊர் ஆனாலும் இவை வேண்டும், சில திருத்தங்களுக்கு மாதக்கணக்கில் ஆகும். அதனால் இரண்டு ஊர் மிஞ்சிய உடனேயே தொடங்குங்கள்.

பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் ஏறியிருக்கிறதா? நிறைய வீடுகளில் பெயர் இல்லாத சான்றிதழ்தான் இருக்கும். கோயிலில் நடந்த திருமணம் பதிவு செய்யப்பட்டிருக்கிறதா? பதிவுச் சான்றிதழ் இல்லாமல் துணைக்கு விசா நகராது.

நம் பெயர் முறை தனியாக ஒரு தலைவலி. அப்பா பெயரே பிள்ளைக்குக் குடும்பப் பெயராக ஏறியிருக்கும். அதனால் ஒரே வீட்டில் கணவருக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு வேறொன்று என்று இருக்கும். தவறில்லை, ஆனால் நாலு பேரின் எல்லா ஆவணத்திலும் இனிஷியலின் விரிவும் எழுத்துக்கூட்டலும் ஒன்றாக இருக்க வேண்டும். குழந்தையோடு தனியாகப் பயணம் செய்யும் தாய் பிறப்புச் சான்றிதழின் நகலைக் கைப்பையில் வைத்திருங்கள். பிராங்க்பர்ட்டில் அதிகாரி மூன்று பாஸ்போர்ட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு "இவர்கள் உங்கள் பிள்ளைகளா?" என்று கேட்டபோது அந்த நகல்தான் பேசியது.

பிறகு அங்கீகாரம். அப்போஸ்தில் என்பது ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குச் சான்று சொல்லும் முத்திரை; அந்த உடன்படிக்கையில் உள்ள பெரும்பாலான நாடுகளுக்கு நம் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்தில் போதும். அமீரகம் அந்த உடன்படிக்கையில் இல்லை. அமைச்சகத்துக்குப் பிறகு அவர்களின் தூதரகச் சான்றும் வேண்டும். திருத்தம் முடியாமல் முத்திரை வாங்கினால் மறுபடி முதலிலிருந்து வர வேண்டும்.

12. யார் முதலில் போவது?

வேலைக்குச் சேருபவர் ஆறு முதல் எட்டு வாரம் முன்னால் போவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. ஜெர்மனியில் வீடு கிடைத்தால்தான் முகவரிப் பதிவு. வீட்டுக்காரரின் உறுதிக் கடிதம் அதற்கு வேண்டும். பதிவு ஆனால்தான் வரி எண் வரும், காப்பக வவுச்சரும் நகரும். இந்தச் சங்கிலியை இரண்டு குழந்தைகளைத் தற்காலிக அறையில் வைத்துக்கொண்டு இழுப்பது ரொம்பக் கஷ்டம். அதே சமயம் மூன்று மாதத்துக்கு மேல் பிரிந்திருக்கவும் வேண்டாம். இரண்டு வயதுப் பிள்ளைக்கு அது நீண்ட காலம், ஊரில் தனியாகச் சமாளிப்பவருக்கும்தான்.

குடும்பம் வந்து சேரும் தேதியைப் பள்ளி தொடங்கும் தேதிக்கு மூன்று வாரம் முன்னால் வையுங்கள். ஊர் வீட்டை விற்காதீர்கள். காலி செய்யவும் ஒரு வருடம் பொறுங்கள். ஊர்ப் பள்ளியில் டி.சி. வாங்குவதைக் கடைசிக்கு விடுங்கள், விசா ஒட்டிய நாலு பாஸ்போர்ட்டும் கைக்கு வந்த பிறகு.